காற்றில் இருக்கிறது உரம். கரிசலுக்கு வந்து சேர வேண்டாமா?

புரட்டாசி பிறக்கிறது. கரிசல் காட்டுச் சம்சாரி முதலில் வானத்தைப் பார்க்கிறான். அடுத்தபடியாக உரக்கடையைப் பார்க்கிறான். மழை வருமா என்பது ஒரு கவலை, டி.ஏ.பி. மூட்டை வந்ததா என்பது மற்றொரு கவலை. வானத்தை யாரும் ஆட்டிவைக்க முடியாது. ஆனால் இரண்டாவது கவலையில் ஒரு பெரும் பகுதியைக் குறைத்துக்கொள்ள வழியிருக்கிறது, அதுவும் பயறுச் சாகுபடியில் மிக எளிதாக இருக்கிறது என்று சொன்னால், "அதெப்படி?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இது குறிசொல்லும் சேதியல்ல. நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானம் நிரூபித்துக் காட்டிவரும் உண்மை.

உண்மை பழையது, ஆனால் அது ஏட்டில் இருக்கிறது, பண்ணையில் இருக்கிறது, பல்கலைக் கழகத்தில் இருக்கிறது. சம்சாரியின் விதைப் பெட்டிக்குள் மட்டும் முழுமையாக வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை? வரவழைக்க யார் என்ன செய்யவேண்டும்? இதுதான் இன்று நாம் பேசவேண்டிய விஷயம்.

கரிசலின் குணம்

இடைசெவல் என்றால் இலக்கியம் படித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். ஒரே சிற்றூரில் பிறந்து, இருவருமே சாகித்திய அகாதமிப் பரிசுக்கு உரியவர்கள் ஆனார்கள். அந்த ஊருக்குப் புகழ் தந்தது எழுத்து. ஆனால் அந்த ஊருக்குச் சோறு தருவது கரிசல். கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்த ஊரும், கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று சுற்றிலும் விரிந்து கிடக்கும் காடுகளும் ஆற்றுப் பாசனம் எட்டாத, வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும்.

அந்த மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் வல்லமை கரிசலுக்கு உண்டு. மேலே வெடித்துக் கிடந்தாலும் அடியில் ஈரம் காக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி எல்லாம். ஆனால் இந்த மண்ணுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மக்கும் பொருள் குறைவு. அதனால் தழைச்சத்தும் குறைவு. இரண்டு, சுண்ணாம்பு மிகுதி. அதனால் நாம் போடும் மணிச்சத்தை மண் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்க மறுக்கிறது. கஞ்சனிடம் அடகு வைத்த நகை மாதிரி, இருப்பது உண்மை, எடுப்பதுதான் பாடு.

ஒரு கணக்குப் போடுவோம்

உளுந்தில் நூற்றுக்கு 24 பங்கு புரதம். அரிசியில் நூற்றுக்கு 7 பங்குதான். புரதம் என்றால் அதில் தழைச்சத்து அடங்கியிருக்கிறது. புரதத்தின் எடையில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு தழைச்சத்து.

மழை கைகொடுத்து ஏக்கருக்கு 3 குவிண்டால் உளுந்து கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலே புரதம் 72 கிலோ. தழைச்சத்து ஏறக்குறைய 11½ கிலோ. யூரியாவாகக் கணக்குப் பார்த்தால் 25 கிலோ, அரை மூட்டைக்கும் மேலே. இது மணியில் மட்டும் உள்ள கணக்கு. இலை, தண்டு, வேர் வேறு.

மானாவாரி உளுந்துக்கு வேளாண்மைப் பல்கலைக் கழகம் சிபாரிசு செய்யும் தழைச்சத்து எவ்வளவு தெரியுமா? ஹெக்டேருக்கு 12½ கிலோ. அதாவது ஏக்கருக்கு 5 கிலோ. போட்டது 5, மணியில் மட்டும் எடுத்தது 11½. மீதி எங்கிருந்து வந்தது? கொஞ்சம் மண் கொடுத்தது. பெரும் பகுதியைக் காற்று கொடுத்தது!

ஆம், காற்றுத்தான். நம்மைச் சூழ்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஒவ்வோர் ஏக்கர் நிலத்தின் தலைக்கு மேலேயும் சுமார் 30,000 டன் நைட்ரஜன் நிற்கிறது. ஜமீன்தார் காட்டின் மேலும் நிற்கிறது. அரை ஏக்கர் வைத்திருக்கும் கூலிக்காரன் காட்டின் மேலும் நிற்கிறது. அதற்குப் பட்டா கேட்பார் இல்லை; வரி விதிப்பார் இல்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துத் தின்ன எந்தப் பயிராலும் முடியாது. இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்து, மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு பிரியாமல் நிற்கிறது அது.

அந்த முடிச்சை அவிழ்க்க மனிதன் கண்டுபிடித்த வழி பெரிய ஆலை. 1913-இல் ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற இடத்தில் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. நானூறு டிகிரிக்கு மேல் வெப்பம், இருநூறு மடங்கு காற்றழுத்தம் என்று கொடுத்தால்தான் காற்று வசப்படும். அதே வேலையை, அடுப்பு இல்லாமல், கொதிகலன் இல்லாமல், உளுந்தஞ்செடியின் வேரில் கடுகளவு முடிச்சுக்குள் உட்கார்ந்து செய்கிறது ஒரு நுண்ணுயிர். அதற்குப் பெயர் ரைசோபியம்.

வேரிலே ஒரு கூட்டுறவு

பயறு விதைத்த நிலம் வளப்படுகிறது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். கம்போடு பாசிப்பயறு, சோளத்தோடு தட்டைப்பயறு, பருத்தியோடு உளுந்து என்று கலந்து விதைத்தது வெறும் வழக்கத்துக்காக அல்ல. அனுபவம் அவர்களிடம் இருந்தது; காரணம் தெரியவில்லை. காரணத்தை 1886-இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள்: வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்தான் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று. 1888-இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரையே தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நம் நாட்டில் 1920-இல் என். வி. ஜோஷி இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையை வேருக்கு அனுப்பி நுண்ணுயிருக்கு ஊட்டுகிறது. நுண்ணுயிர் காற்றைப் பிடித்துத் தழைச்சத்தாக்கிச் செடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சுரண்டுபவன் இல்லை, சுரண்டப்படுபவன் இல்லை. கொடுத்து வாங்கும் நேர்மையான கூட்டுறவு!

ஆனால் செடியும் கணக்குப் பார்க்கும். யூரியாவை அள்ளிக் கொட்டினால், "இலவசமாக வருகிறதே, இவனுக்கு எதற்குச் சர்க்கரை?" என்று முடிச்சுப் போடுவதைக் குறைத்துவிடும். இலை பச்சைப் பசேல் என்று கொழிக்கும், காய் பிடிக்காது. காசு கொடுத்து உரம் வாங்கி, காசில்லாமல் வரும் உரத்தை நிறுத்திக்கொள்ளும் வேடிக்கை இது. பயறுக்கு யூரியா அதிகம் போடாதே என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. விதைத்து 25, 30 நாளில் நான்கு செடியை வேர் அறுபடாமல் தோண்டி எடுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே ரோஜா நிறமாகவோ சிவப்பாகவோ இருந்தால் ஆலை ஓடுகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஆலை மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

பொட்டலம் எதற்கு?

"நுண்ணுயிர் மண்ணிலேயே இருக்குமே, பொட்டலம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயறு அடிக்கடி விளைந்த நிலத்தில் நுண்ணுயிர் இருக்கும். ஆனால் மண்ணில் இருப்பதெல்லாம் திறமைசாலி என்று சொல்ல முடியாது. முடிச்சை மட்டும் போட்டுக்கொண்டு, சர்க்கரையைத் தின்றுவிட்டு, சும்மா இருக்கும் சோம்பேறிகளும் அதில் உண்டு. தவிரவும், கோடை வெயிலில் கரிசல் கொதிக்கும்போது ஏராளமானவை மடிந்துபோகும். பல ஆண்டு மக்காச்சோளமே விதைத்த காட்டில் நிலைமை இன்னும் மோசம். திறமையானதைத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, விதையோடு அனுப்புவதற்குத்தான் பொட்டலம்.

செய்முறை இது: ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ உளுந்து விதைக்கு ரைசோபியம் ஒரு பொட்டலம், 200 கிராம், பாஸ்போபாக்டீரியா ஒரு பொட்டலம், 200 கிராம். ஆறிய வடிகஞ்சியில் குழப்பி, விதையின் மேல் ஒட்டும்படி மெல்லப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துப்போகும். பூசண மருந்து கலப்பதாயின் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்தே இதைக் கலக்கவேண்டும். திரவமாகப் பாட்டிலிலும் வருகிறது. அளவு அதன் மேலேயே இருக்கும்.

ரைசோபியம் காற்றைப் பிடிக்கிறது. பாஸ்போபாக்டீரியா என்ன செய்கிறது? சுண்ணாம்பு பிடித்து வைத்த மணிச்சத்தைக் கரைத்து விடுவிக்கிறது. கஞ்சனிடமிருந்து நகையை மீட்கும் வேலை அதனுடையது.

கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் உண்டு. காய்ந்த சூட்டு மண்ணில் விதைமேல் ஒட்டிய நுண்ணுயிர் பல நாள் தாங்காது. புழுதி விதைப்புக்காரர்கள் இதைத் தொழு உரத்தில் கலந்து, மழை ஈரத்தில் நிலத்தில் இடுவது நல்லது. ஹெக்டேருக்கு 10 பொட்டலம், 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மணல் அல்லது மண் என்பது கணக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறுக்கும் ஆகாது. கொண்டைக்கடலைக்கு உரியது வேறு. சோயாவுக்கு உரியது வேறு. பொட்டலத்தின் மேல் பயிரின் பெயரைப் படித்து வாங்கவேண்டும். கம்புக்கும் சோளத்துக்கும் வேரில் முடிச்சே கிடையாது. அவற்றுக்கு அசோஸ்பைரில்லம் என்ற வேறு உயிர் உரம்.

சாணமும் கிடையும்

நுண்ணுயிர் மாத்திரம் போதுமா? போதாது. வேலைக்காரனை வரவழைத்துவிட்டு வீடும் சோறும் கொடுக்காவிட்டால் நிற்பானா? நுண்ணுயிருக்கு வீடும் சோறும் மண்ணில் உள்ள மக்கும் பொருள். தொழு உரம், ஆட்டுக்கிடை, குளத்து வண்டல், தானாக முளைக்கும் கொழுஞ்சி, விதைத்து மடக்கும் சணப்பை எல்லாம் அந்தச் சோறுதான்.

கரிசலில் கிடை அமர்த்துவது வெறும் உர விஷயமாக இருந்ததில்லை. ஒரு சமூக வாழ்க்கையாகவே இருந்தது. கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். இன்று டிராக்டர் வந்தபின் உழவு மாடு குறைந்தது; மாடு குறைந்தபின் குப்பைக்குழி வற்றியது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடு என்று புத்தகம் சொல்கிறது. ஒற்றை மாடுகூட இல்லாத குடும்பம் எங்கே போகும்?

இதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று அதற்குப் பெயர். ஹெக்டேருக்கு 750 கிலோ, அதாவது ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரம் போதும். ஏக்கருக்குச் சுமார் 62 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை அதில் கலந்து, ஈரம் காட்டி, மூடி, ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து விதைப்புக்குப் போடவேண்டும். மணிச்சத்து சாணத்தோடு சேர்ந்துவிடுவதால் சுண்ணாம்பின் பிடியில் சீக்கிரம் சிக்குவதில்லை. டன் கணக்கில் குப்பை இல்லாதவன் கிலோக் கணக்கில் கிடைப்பதைக்கொண்டு செய்யக்கூடிய காரியம் இது. ஆவணியில் குவியல் போட்டால் புரட்டாசிக் கடைசியில் தயார்.

பூப் பிடிக்கும் பருவத்தில் வேர் முடிச்சின் வேலை தளரும். செடி சர்க்கரையைக் காய்க்குத் திருப்பிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் இலைவழி ஊட்டம். 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி ஏக்கருக்குத் தெளிக்கவேண்டும்; பதினைந்து நாள் கழித்து மறுமுறை. பல்கலைக் கழகத்தின் 'பயறு ஒண்டர்' கிடைத்தால் ஏக்கருக்கு 2 கிலோ. கூடவே ஒரு வேண்டுகோள்: அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தால், வேரின் சத்து அடுத்த வெள்ளாமைக்கு நிலத்திலேயே தங்கும்.

மந்திரம் அல்ல

உயிர் உரம் போட்டால் ஒன்றுக்கு இரண்டாக விளையும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல நுண்ணுயிர் ஏற்கெனவே நிறைந்த நிலத்தில் பலன் கொஞ்சமாகவே தெரியும்; நெடுநாள் பயறு காணாத நிலத்தில் நன்றாகத் தெரியும். மழை பொய்த்தால் எந்த உரமும் பேசாது. மஞ்சள் தேமல் நோய் விழுந்தால் அதற்குத் தாங்கும் விதை ரகம்தான் மருந்து. ஆனால் ஒரு பொட்டலத்தின் விலையை ஒரு மூட்டை டி.ஏ.பி. விலையோடு வைத்துப் பாருங்கள். பலித்தால் லாபம் பெரிது. பலிக்காவிட்டால் நஷ்டம் சிறிது. கடன் வாங்கி வெள்ளாமை செய்பவனுக்கு இதைவிட நியாயமான கணக்கு எது?

2021 மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். உலகச் சந்தையில் விலை ஏறியது. ஒரு மூட்டை டி.ஏ.பி.யின் அசல் விலை 2,400 ரூபாய் ஆயிற்று. விவசாயிக்கு 1,200 ரூபாய்க்குக் கொடுப்பதற்காக, மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை மத்திய சர்க்கார் 1,200 ரூபாயாக உயர்த்தியது. மணிச்சத்துக்கு மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு யுத்தம், எங்கோ ஒரு துறைமுகத்தில் தடை என்றால் இடைசெவல் சம்சாரியின் விதைப்பு நிற்கிறது. உரம் மட்டுமா? உலகிலேயே அதிகமாகப் பயறு விளைவிக்கும் இந்த நாடு, மியன்மாரிலிருந்து உளுந்து இறக்குமதி செய்கிறது! இங்கே விளைந்ததற்கோ அறுவடைக் காலத்தில் விலை இல்லை.

நிலையம் இருக்கிறது, நிழல் இருக்கிறதா?

கோவில்பட்டியிலேயே 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கரிசலுக்காகவே பாடுபடும் நிலையம் அது. பயறுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வேளாண்மைத் துறையே உயிர் உரம் தயாரிக்கிறது. பின்னே குறை எங்கே?

குறை கடைசிப் பத்து மைலில் இருக்கிறது. மூட்டை உரம் உயிரில்லாதது. கிடங்கில் ஓராண்டு கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. உயிர் உரம் அப்படியல்ல. அதன் பெயரிலேயே உயிர் இருக்கிறது. உயிர் போனால் வெறும் கரித்தூள். 2006-இல் உயிர் உரங்களையும் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்கீழ் கொண்டுவந்தார்கள். தூளாக வரும் ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்கவேண்டும் என்பது விதி. ஆலையில் ஐந்து கோடி இருந்தது சரி. தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில் மூன்று மாதம் வெந்தபின் எத்தனை இருக்கும்? புரட்டாசிக்கு வேண்டியது கார்த்திகையில் வந்தால் யாருக்கு உபயோகம்? செத்த பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "உயிர் உரம் பலிக்கவில்லை" என்று சம்சாரி கைவிட்டால், அது அவன் குற்றமா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்திலும், வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பயறுக்கான பொட்டலம் இருக்கவேண்டும். குளிர்ந்த, நிழலான இடத்தில் வைக்கவேண்டும். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். கடையிலிருந்தே மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவை ஊரறியச் சொல்லவேண்டும். பட்டா இல்லாத குத்தகைச் சம்சாரிக்கும் மானிய விலையில் கொடுக்கவேண்டும்.

விளைந்தபின் விலையும் வேண்டும். 2025-26 பருவத்துக்கு உளுந்துக்குக் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் ஆதரவு விலை அறிவித்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்திய மந்திரிசபை 11,440 கோடி ரூபாயில் பயறுத் தன்னிறைவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுத்தது. துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் பதிவு செய்த விவசாயிகளிடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முழுமையாகக் கொள்முதல் செய்வோம் என்கிறது அந்தத் திட்டம். நல்லது! கொள்முதல் தராசு எங்கள் ஊர்ப் பக்கம் எப்போது வரும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

தோழர்களே!

தீப்பெட்டி ஆபீசிலும் பஞ்சாலையிலும் உழைக்கும் உங்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ கரிசல் உண்டு. இல்லாதவர்களுக்கும் இட்லிக்கு உளுந்து வேண்டும். குழந்தைக்குப் பருப்பு வேண்டும். கறியும் முட்டையும் தினம் வாங்க இயலாத வீட்டில் புரதம் என்றால் பயறுதான். பயறு விளைச்சல் உழவன் பிரச்சினை மட்டும் அல்ல. அது பாட்டாளியின் சாப்பாட்டுப் பிரச்சினை.

எனவே காரியத்தில் இறங்குங்கள். ஊருக்கு நான்கு பேர் சேர்ந்து, ஆடி மாதமே கூட்டுறவு சங்கத்துக்குப் போய், எத்தனை ஏக்கர் பயறு, எத்தனை பொட்டலம் தேவை என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். வந்த பொட்டலத்தின் தேதியைப் படித்துச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது நம் கடமை. ஒரே காட்டில் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட்டு, முப்பதாம் நாள் வேரைத் தோண்டி ஊராருக்குக் காட்டுங்கள். சிவந்த முடிச்சு பேசும். நூறு பிரசங்கத்தைவிட அது நன்றாகப் பேசும்.

ஏக்கருக்கு 30,000 டன் செல்வம் நம் தலைக்கு மேலே நிற்கிறது. அதைக் கீழே இறக்கும் வேலைக்காரன் கண்ணுக்குத் தெரியாதவன், கூலி கேட்காதவன். அவனை உயிரோடு, உரிய காலத்தில், உழவன் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை மட்டும் மனிதருடையது. அந்த வேலையை இந்த ஆடியிலேயே தொடங்குவோம்!